தாமிரபரணிக் கரையில் பிள்ளைகளோடு மூன்று நாள்

"நெல்லைப் பக்கம் நாலு இடம் பார்க்கலாம்னு இருக்கோம்" என்பவர்கள் போடும் திட்டம் அநேகமாக ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கும். முதல் நாள் காலை குற்றாலம், மதியம் பாபநாசம், சாயங்காலம் நெல்லையப்பர், கையோடு அல்வா. மறுநாள் திருச்செந்தூர், முடிந்தால் கன்னியாகுமரி. வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கத்தில்தான். ஆனால் வண்டியில் ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயது ஆச்சியும் இருந்தால் இந்தத் திட்டம் முதல் நாள் மதியத்துக்குள் குலைந்துவிடும். அருவியில் வரிசை நின்று குளித்து, ஈரத்துணி மாற்றிக் கிளம்பவே பத்தரை ஆகிவிடும். அடுத்த கோயிலில் போய் இறங்கும்போது நடை சாத்தியிருப்பார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவரை எங்கே போவது என்று தெரியாமல் வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைச் சனி, ஞாயிறுகளில் எந்தக் கோயில் வாசலிலும் பார்க்கலாம்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். அதற்குள் புலிக்காடு, அருவி, எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், நெல் வயல், பாய் நெய்யும் ஊர், நாரைகள் அடையும் மரங்கள், ஏறக்குறைய 3,000 வருஷத்து ஈமக்காடு என்று எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. இதை ஆற்றின் வரிசையிலேயே பார்ப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. திருநெல்வேலியில் ஒரே இடத்தில் மூன்று இரவு தங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் மேற்கே, ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் கூந்தன்குளமும் பத்தமடையும் டவுனும். குற்றாலம் இதில் சேராது. அது தாமிரபரணியில் வந்து கலக்கும் சிற்றாற்றின் மேல் இருக்கிறது. வேண்டுமென்றால் தென்காசியில் தங்கி அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, ரயில். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாதை சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஆற்றை ஒட்டி மேற்கே ஏறுகிறது. திருச்செந்தூர்ப் பாதை செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழியாகக் கிழக்கே இறங்குகிறது. ஒரு பக்கம் பாசஞ்சரில் போய், வண்டியை எதிரே வரச்சொல்லலாம். பிள்ளைகளுக்குப் பாதிப் பயணம் அந்த ஜன்னலிலேயே நிறைந்துவிடும். ஒரு நாளைக்குச் சில வண்டிகள்தான் ஓடுகின்றன, ஆகவே முந்தின நாளே நேரம் பார்த்துவிட வேண்டும்.

எந்த மாதம்

இதைத் தப்பாகப் போட்டுவிட்டால் மீதி எதைச் சரியாகச் செய்தும் பலன் இல்லை. இந்த ஆற்றுக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை மலைமேல் பெய்து பாபநாசம் அணைக்கும் குற்றாலத்துக்கும் தண்ணீர் தருகிறது. சமவெளியில் அப்போது காற்றும் சாரலுமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. மணிமுத்தாறு அணை பெரும்பாலும் நிறைவது இதில்தான். அந்தந்த மழையை நம்பித்தான் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவம்.

அருவி மட்டும் போதுமென்றால் ஜூலை. பறவை மட்டுமென்றால் பிப்ரவரி, மார்ச். இரண்டும் வேண்டுமென்றால் ஜனவரி பாதிக்கு மேல் பிப்ரவரி பாதி வரை. எங்கள் ஓட்டு அந்த ஒரு மாதத்துக்குத்தான். மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் தெளிந்திருக்கும், வாய்க்கால் ஓடும், பிசான நெல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும், குளங்களில் பறவை வந்திருக்கும், பகல் வெயில் பிள்ளைகள் தாங்கும் அளவில் இருக்கும். பொங்கல், தைப்பூசத்தை ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நவம்பர், டிசம்பரில் சின்னப் பிள்ளைகளோடு வர வேண்டாம் என்றே சொல்வோம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டது. அப்படி எல்லா வருஷமும் வராதுதான். ஆனாலும் அந்த மாதங்களில் ஒரே ராத்திரியில் சாலை, ரயில் இரண்டும் அறுபடக்கூடிய பூமி இது. ஏப்ரல், மே மாதங்களில் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும். பள்ளி விடுமுறை என்பதைத் தவிர அப்போது வருவதற்கு வேறு காரணம் இல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஊரே திரளும். அந்த வாரம் பாபநாசம் சாலையில் வண்டி நகராது.

மேற்கே: பாபநாசம், மணிமுத்தாறு

காலை ஆறரைக்குக் கிளம்பினால் எட்டுக்குப் பாபநாசம். முதலில் பாபநாசநாதர் கோயில், அதன் எதிரே படித்துறை. படித்துறையில் கூட்டமாக மொய்க்கும் மீன்களுக்குப் பொரி போட்டாலே பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் ஓடிவிடும். கையில் பை தொங்கினால் குரங்கு பிடுங்கும். பிஸ்கட் பாக்கெட்டை வண்டிக்குள்ளேயே பிரித்து முடித்துவிடுங்கள்.

இங்கே குளிப்பதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகும் வழக்கம் பல வருஷமாக இருக்கிறது. அள்ளி அள்ளி மாளவில்லை. அந்தத் துணி தண்ணீருக்கடியில் கல்லில் சிக்கிக் கிடக்கும், காலைச் சுற்றும். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்த பிறகு பிள்ளைகளை இறக்குங்கள். உங்கள் துணியையும் அங்கே விட்டுவிடாதீர்கள். பாவம் போகிறதோ இல்லையோ, சேலை போகாது. கீழே ஸ்ரீவைகுண்டம் வரை குடிநீருக்கு இதே ஆறுதான்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் அகஸ்தியர் அருவி. வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. இது 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் வாசல். வண்டியை நிறுத்திப் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் கவர், மது, சோப்பு, ஷாம்பு எதுவும் இல்லாமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவிலும், தண்ணீரைப் பெரிய பாட்டிலிலும் கொண்டுவந்தவர்கள் முன்னால் போய்விடுவார்கள், இருபது சின்னப் பொட்டலம் வைத்திருப்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காலையில் திறந்து மாலையில் மூடுவது பொதுவான முறை. மலையில் மழை என்றால் அன்றைக்குச் சட்டென்று மூடிவிடுவார்கள், அதில் பேச்சுக்கு இடமில்லை.

அகஸ்தியர் அருவியில் வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் விழும். பிள்ளைகளை நட்ட நடுவே தண்ணீருக்கு நேர் கீழே நிறுத்தக் கூடாது. மேலிருந்து விழும் வேகத்தில் கழுத்து வலிக்கும், சின்னக் கல் வந்தால் மண்டையில் படும். ஓரத்தில் பாறையில் பட்டுச் சிதறி வரும் தண்ணீர் போதும். அருவியிலிருந்து படியேறினால் கல்யாண தீர்த்தம். ஆச்சிகளைக் கீழேயே உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது.

மணிமுத்தாறு இன்னொரு கிளை. 1950-களின் கடைசியில் முடிந்த அணை, 118 அடி. அணையைத் தாண்டி மாஞ்சோலைச் சாலையில் ஏறினால் மணிமுத்தாறு அருவி. இதற்கும் சாவடி உண்டு. அருவியைவிட அதன் கீழேயுள்ள தடாகம்தான் கவனிக்க வேண்டியது. பார்க்க அமைதியாக, பச்சையாக இருக்கும், ஆழம் மிக அதிகம். கம்பி போட்ட இடத்துக்குள் மட்டும் நிற்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு அருவியும் வேண்டாம். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் என்றால் அகஸ்தியர் அருவி, கைக்குழந்தை என்றால் அருவியே வேண்டாம், மணிமுத்தாறு அணைக்கரையும் பூங்காவும் போதும்.

மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், வண்டிகளுக்கு அளவு உண்டு, மலைப்பாதை குலுக்கி எடுத்துவிடும். சின்னப் பிள்ளைகளோடு இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். காரையாறு அணைக்கு மேலே பாணதீர்த்தத்துக்குப் படகில் போகலாம் என்று இன்னும் சில பழைய பதிவுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அந்தப் படகு நின்று பல வருஷம் ஆகிறது.

மதியம் பன்னிரண்டு முதல் மூன்றரை வரை அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ சாப்பிட்டுவிட்டு நிழலில் கிடக்க வேண்டிய நேரம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்குபவர்கள் அதை இப்போது முடித்துக்கொள்ளலாம். அதன்பின் நாலு மணிக்குத் திருப்புடைமருதூர். இந்தச் சுற்றின் மிக நல்ல இடம் எங்களுக்கு இதுதான், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் முனையில் நாறும்பூநாதர் கோயில், சுற்றிலும் பெரிய மருத மரங்கள். மரங்களில் நாரையும் வக்காவும் கொக்கும் கூடு கட்டும். பறவைகளுக்காகவே 2005-இல் தமிழ்நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஊர். கோபுரத்துக்குள்ளே ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் மர வேலைப்பாடும் இருக்கின்றன. அங்கே ஏற முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். படி குறுகல், இருட்டு, எட்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். ஏறாவிட்டாலும் குறையில்லை. மாலை ஐந்தரைக்குப் படித்துறையில் உட்கார்ந்தால் பறவைகள் அடைய வரும் சத்தமே போதும். மரத்துக்கு நேர் கீழே உட்காராதீர்கள், எச்சம் விழும்.

தண்ணீரில் இறங்கும் முன்

தாமிரபரணி பார்க்கச் சாதுவான ஆறு. அதுதான் சிக்கல்.

மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். இந்தப் பக்கம் அதைக் கசம் என்பார்கள். மேலிருந்து பார்த்தால் அந்த இடம் மட்டும் தண்ணீர் கருத்து, சலனமில்லாமல் தெரியும். ஊர்க்காரர்கள் குளிக்காத படித்துறையில் நீங்களும் குளிக்காதீர்கள். அங்கே துணி துவைக்கிற அக்காவிடம் "எதுவரைக்கும் நிலை தெரியும்?" என்று கேட்டால் கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள். வேறு எந்தப் பலகையும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். மேலே மின்நிலையம், அணை மதகு எல்லாம் இருப்பதால் இங்கே மழை இல்லாமலே தண்ணீர் கூடும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, சத்தம் கூடுவது இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்கக்கூடத் திரும்பாமல் கரையேற வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. மலைமேல் பெய்த மழை கீழே நிமிடங்களில் வந்துவிடும்.

அணைக்கட்டுகளில் குளிக்கவே கூடாது. வழிந்து விழும் இடத்தின் அடியில் தண்ணீர் திரும்பிச் சுழல்கிறது, நீச்சல் தெரிந்தவரையும் அதிலேயே புரட்டிக்கொண்டிருக்கும். மதகு திறந்திருக்கும் பக்கம் இழுவை மேலே தெரியாது. சிமெண்டுக் கரை போட்ட வாய்க்கால் அதைவிட மோசம். இடுப்பளவு ஆழந்தான், ஆனால் பாசி பிடித்த சரிவில் பிடித்து ஏற இடமிருக்காது.

குளிக்கும் முறை சுலபம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். பெரியவர் நிற்க வேண்டியது தண்ணீர் போகும் பக்கம், அதாவது பிள்ளைக்குக் கீழே. வழுக்கினால் அது உங்கள் மேல்தான் வந்து விழும். மேல்பக்கம் நின்றால் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆழம் பிள்ளையின் இடுப்பைத் தாண்ட வேண்டாம். பாசிப்படியில் ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் பிடிக்கும். காற்றடித்த டியூப் வேண்டாம், ஓடும் ஆற்றில் அது பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம்.

கூந்தன்குளம்

நாங்குநேரிப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 1994-இல் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். ஆனால் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டு முற்றத்து வேம்பிலும் கருவேல மரத்திலும் சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும், கீழே வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். தீபாவளிக்கு இந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. இங்கே வண்டி ஹாரனை அழுத்துவது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குளத்தில் கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பல வருஷங்களில் பூநாரை. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் வரும். தலையில் இரண்டு கறுப்புக் கோடு, அதை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு முட்டாய் என்று போட்டி வைத்தால் பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாய் திறக்க மாட்டார்கள். ஜனவரியில் கூடு கட்டத் தொடங்கி, மார்ச் வாக்கில் குஞ்சுகள் தலைநீட்டும். சூரியன் ஏறுவதற்கு முன் ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். எட்டரைக்கு மேல் கானல் அலையில் தொலைநோக்கி வழியாகப் பார்த்தாலும் எல்லாம் நடுங்கும். தொலைநோக்கி 8 மடங்கு போதும். 10, 12 மடங்கை வாங்கிக் கொடுத்தால் சின்னக் கை நடுக்கத்தில் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. அணை நிறையாத வருஷம் குளம் வறண்டு, பறவையும் வராது. கிளம்புமுன் "குளத்துல தண்ணி கெடக்கா?" என்று யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருநெல்வேலியைச் சுற்றியுள்ள மற்றக் குளங்களில் ஏதாவது ஒன்றில் கண்டிப்பாக இருக்கும். 2011 முதல் வருஷாவருஷம் இந்தக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைக் கணக்கெடுக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அதில் கலந்துகொள்ள முயலலாம்.

பத்தமடை

காலைப் பலகாரம் முடித்துப் பத்தமடைக்கு வந்தால் தறி ஓடிக்கொண்டிருக்கும். பாய் இங்கே வீடுகளில்தான் நெய்கிறார்கள், ஆகவே சங்கத்திலோ கடையிலோ கேட்டு, வீட்டுப் பெண்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கேட்காமல் போனைத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, நீளவாக்கில் கிழித்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரை மறுபடி காய்ந்த பிறகு மென்மையாகி, இன்னும் மெல்லிசாகக் கிழிக்க வரும். சாயம் ஏற்றுவது அதன் பிறகு. தரையோடு கிடக்கும் தறியில் பருத்திநூலோ பட்டுநூலோ பாவாக ஓடும், அதற்குள் ஒவ்வொரு கோரையாகக் குச்சியில் கோத்து ஊடையாகச் செலுத்துவார்கள். பாவு இழை எத்தனை என்பதைக் கவுண்ட் என்பார்கள். சாதாரணப் பாய் 50 கவுண்ட், பட்டுப்பாய் 100-க்கு மேல், 140 வரை போகும். பட்டுப்பாயைச் சேலை மாதிரி மடிக்கலாம். கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து தருவார்கள், அதற்கு வாரக்கணக்கில் முன்பே சொல்ல வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாங்கும்போது ஏமாறுவது பிளாஸ்டிக் பாயிலும் முரட்டுக் கோரைப் பாயிலும். பாயை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். நல்ல பாயில் வெளிச்சம் ஊசிமுனையாக ஒரே சீராக வரும், மட்டமானதில் அங்கங்கே ஓட்டை தெரியும். விலை அதிகம் என்று பேரம் பேசுமுன் ஒருவர் நெய்வதைப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும், பேரம் பேச வாய் வராது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கறுப்புப் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு போகவே போகாது. நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டி, நிறுத்தி வையுங்கள்.

பத்தமடைக்கு அடுத்து காருகுறிச்சி, மண்பாண்ட ஊர். சக்கரத்தில் கை வைக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அது. வாங்கும் சட்டியைச் சோற்றுக்கஞ்சியில் ஒரு நாள் ஊறவைத்துப் பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும்.

டவுன்: அந்த நாலு மணி நேரம்

கோயில் நடை சாத்திய மதிய நேரத்துக்குத் திருநெல்வேலியில் ஒரு நல்ல விடை இருக்கிறது: கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம். 1987-இல் வந்தது. தொட்டுப் பார்த்து, சுற்றிப் பார்த்து, தள்ளிப் பார்க்கிற பொருள்கள், வெளியே பூங்கா. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும். கோயிலைப் போல் இது மதியம் மூடாது. அதன் பக்கத்தில்தான் சுலோச்சன முதலியார் பாலம். 1843-இல் சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தது. வண்டியில் கடக்காமல் ஓரமாக ஒருமுறை நடந்து பாருங்கள்.

நாலரைக்குக் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே முருகன் கோயில். வெள்ளம் வரும்போது உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார், வெள்ளம் வடிந்ததும் சேறு கழுவிப் பூசை. அங்குள்ளவர்களிடம் 2023-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று பிள்ளைகள் கேட்கட்டும், அவர்கள் விரலைத் தூக்கிக் காட்டும் உயரம் மறக்காது.

பிறகு நெல்லையப்பர் கோயில். ஒரே கல்லில் கொத்தாக நிற்கும் இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்க ஆசை வரும். தட்ட வேண்டாம், தட்டித் தட்டித்தான் தேய்ந்திருக்கிறது. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபையின் மர வேலைப்பாட்டைப் பெரும்பாலோர் பார்க்காமலே திரும்புகிறார்கள், கேட்டுப் போய்ப் பாருங்கள். எதிரே கீழ ரத வீதியில் இருட்டுக்கடை சாயங்காலந்தான் திறக்கும், வைத்திருப்பது தீர்ந்தால் அவ்வளவுதான். அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் கிண்டுவது. சூடாக வாங்கியதை உடனே டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்துக் கெட்டுவிடும். ஆறவிட்டு மூட வேண்டும், ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் உறைந்து ரப்பராகிவிடும்.

கிழக்கே: கிருஷ்ணாபுரம் முதல் ஆழ்வார்திருநகரி வரை

எட்டு மணிக்குக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில், திருச்செந்தூர்ச் சாலையில் சுமார் 13 கிலோமீட்டர். நாயக்கர் காலச் சிற்பங்கள். பிள்ளைகளிடம் "கலை நயம் பாரு" என்றால் கொட்டாவிதான் வரும். "குறத்தி தோளில் யாரைத் தூக்கிட்டு ஓடுறா? பீமனோடு சண்டை போடுற ஆளுக்குப் பாதி உடம்பு என்ன மிருகம்?" என்று கேட்டுத் தேடவிடுங்கள். கை நரம்பு, நகக்கண், விலா எலும்பு எல்லாம் கல்லில் தெரியும். காலைச் சாய்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறோம்.

பத்து மணிக்கு ஆதிச்சநல்லூர். முதலில் சொன்ன ஈமக்காடு இதுதான், 114 ஏக்கர் பரம்பு, அதாவது மேட்டு நிலம். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதன்பின் அலெக்சாண்டர் ரியா தோண்டியெடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2004-இல் மறுபடி தோண்டினார்கள். அப்போது கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று பின்னால் கணிக்கப்பட்டது. 2023-இல் திறந்த தள அருங்காட்சியகத்தில் குழிகளுக்கு மேல் கண்ணாடித் தரை. முதுமக்கள் தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன, நாம் மேலே நடந்து குனிந்து பார்க்கிறோம். பயப்படும் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். "தாத்தாவுக்குப் பிடிச்ச சாமானெல்லாம் கூட வெச்சு அனுப்பியிருக்காங்க" என்று சொன்னால் பெரும்பாலும் பயம் போய், தாழிக்குள் என்னென்ன என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள். பரம்பில் நிழல் இல்லை, தொப்பி வேண்டும். கிடக்கும் பானை ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடக் கூடாது. அது குற்றம், அதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளை. அங்கே ஒரு தாழியில் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். வரும் வழியெல்லாம் பார்த்த வயலோடு இதைச் சேர்த்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பிடிபடும்.

பதினொன்றேகாலுக்கு ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரே நாளில் ஓட்டமாக ஓடி முடிக்கும் வேன்கள் உண்டு. பிள்ளைகளோடு மூன்று போதும்: ஸ்ரீவைகுண்டம், திருப்புளியங்குடி, ஆழ்வார்திருநகரி. திருப்புளியங்குடியில் பெருமாள் நீட்டிப் படுத்திருப்பதால் சன்னதியில் நின்றால் பாதம் தெரியாது. வெளிப் பிராகாரத்தில் சுற்றி வந்து சுவரிலுள்ள ஜன்னல் வழியாகப் பாதத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு மூன்று கோயிலில் நினைவிருக்கப்போவது அந்த ஜன்னல்தான். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த உறங்காப்புளி என்கிற புளியமரம். கோயில் நேரங்கள் ஒன்றுக்கொன்று மாறும், ஸ்ரீவைகுண்டத்தில் வைத்தே மற்ற இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி, ஆங்கிலேயர் காலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. இதற்குக் கீழே ஆறு கடலுக்குப் போகிறது. வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் வாய்க்கால் பிரிவதைப் பாலத்தின் மேலேயிருந்து காட்டலாம். ஓரத்துக் கைப்பிடியை நம்பிப் பிள்ளைகளை எக்கவிட வேண்டாம். அணைக்கட்டுக்கு மேற்கே தேங்கிய தண்ணீரில் ஜனவரியில் நாரைகள் நிற்கும்.

புன்னைக்காயல் வரை போய்க் கடலில் ஆறு கலப்பதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது மீனவர் ஊர், பிள்ளைகள் விளையாடும் கடற்கரை அங்கே இல்லை. ஆழ்வார்திருநகரியில் மாலைப் பாசஞ்சருக்கு ஏறிவிடுங்கள். ஆத்தூர் வெற்றிலை வேண்டுபவர்கள் வண்டிக்காரரிடம் முன்பே சொல்லி வாங்கி வரச் செய்யலாம், ஈரச்சாக்கில் சுற்றினால் ஊர் போய்ச் சேரும் வரை வாடாது. ரயிலில் போகும் திசைக்கு வலதுபக்க ஜன்னலைப் பிடித்தால் வாழைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் அந்தப் பக்கம் ஆற்றின் பக்கமாகவே திருநெல்வேலி வரை பார்த்துக்கொண்டு வரலாம்.